ஃபேர்னஸ் அறையில் கேட்ட சத்தம்

மகள்,

இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. குசினி மேசையில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். நீ எழும்பி வருவதற்கு முன் அம்மா கண்டால் அம்மாவே முதலில் வாசிக்கட்டும். நீ வாசித்த பிறகு அரவிந்தனிடம் கொடு. அவன் தன் தாயிடம் கொடுக்கட்டும். அதன் பிறகு யார் கைக்குப் போனாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒன்பது வருடம் ஒரு விஷயத்தை மூடி வைத்திருந்தவன், கடைசியில் சொல்லும்போதும் ஒட்டி மூடித்தான் கொடுப்பேன் என்றால் அது சொன்னதாகவே ஆகாது. நேரில் சொல்ல இரண்டு நாள் முயன்று பார்த்தேன். உன் முகத்தைக் கண்டவுடன் "சாப்பிட்டிட்டியோ பிள்ளை?" என்றுதான் என் வாய் கேட்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இந்த யூனியன்வில் வீட்டு முன்னறையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அரவிந்தனும் தாயும் கலியாண ஹோலைப் பற்றிக் கதைக்க வந்திருந்தார்கள். அம்மா ரோல்ஸ் பொரித்திருந்தாள். நீ தேத்தண்ணீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தாய். "அன்ரி, ஹோல் புக் பண்ண முதல் ஒரு விசயம் சொல்லவேணும்" என்றாய். "எனக்குச் சின்னனில மனம் சரியில்லாமல் இருந்தது. இல்லாத சத்தமெல்லாம் கேட்டது. ஒரு வின்ரர் முழுக்கக் குளிசை போட்டனான். அது திரும்பி வருமோ, எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வருமோ தெரியாது. இதை ஒளிச்சுப்போட்டுக் கலியாணம் கட்டக் கூடாது." அரவிந்தனின் தாய் நல்ல மனுசி. "அங்க இருந்து வந்த பிள்ளையளுக்கு உப்பிடி வாறதுதானே" என்று உன் கையைப் பிடித்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் ஒருக்கா டொக்ரரிட்டக் காட்டிப்போட்டு ஹோலைப் பாப்பமே?" என்றார். "ஓம் அன்ரி, வியாழக்கிழமைக்கு அப்பொயின்ற்மென்ற் எடுத்திட்டன்" என்றாய். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் நான் என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? ரோல்ஸ் தட்டைத் தூக்கி அரவிந்தனிடம் நீட்டி, "எடும் தம்பி, ஆறப்போகுது" என்றேன். என் வாயிலிருந்து அன்று வந்தது அவ்வளவுதான்.

மகள், உனக்கு அந்த வருடம் ஒரு நோயும் வருத்தமும் இருக்கவில்லை. இன்றும் இல்லை. நீ கேட்டது உண்மையான சத்தம். நாங்கள் வாடகைக்கு இருந்த வோபர்ன் பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு இருந்த, பூட்டிக் கிடந்த ஃபேர்னஸ் அறைக்குள் என் பியர்ப் போத்தல்கள் வெடித்தன. அவை வெடிக்கக் காரணம் நான். வெடித்ததை மறைத்தவன் நான். உன் காதில்தான் பிழை என்று உன்னையும் அம்மாவையும் டொக்ரரையும் நம்பவைத்தவனும் நான்தான். மேற்கொண்டு வாசிக்க உனக்குப் பொறுமை இல்லாவிட்டால் இவ்வளவும் போதும். ஆனால் எப்படி என்று நீ கேட்பாய். எதையும் எப்படி, ஏன் என்று கேட்டுக் கழுத்தறுக்கும் பிள்ளையாகத்தான் நீ இந்த நாட்டில் வந்து இறங்கினாய். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாய்.

ஊரில் நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். பாடம் நடத்துவது ஆசிரியர்கள். அமிலம் கலந்து வைப்பது, தராசு சரிபார்ப்பது, கண்ணாடி கழுவுவது எல்லாம் நான். ஒரு சோதனைக்குழாய் உடைந்தால்கூடத் துண்டுகளைப் பார்த்து எத்தனை உடைந்தது என்று எண்ணி எழுதிவிட்டுத்தான் கூட்டுவேன். இங்கே வந்ததும் பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் என் கையில் நிலம் கூட்ட ஒரு தும்புத்தடியைத் தந்தார்கள். நீங்கள் வரும் வரைக்கும் மூன்று வருடம் ஐந்து ஆண்களோடு ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் குடித்தோம். பிறகு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவும் முடியாமல் போயிற்று. நீங்கள் வந்து இறங்கிய கிழமையே அம்மாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. உன் அம்மப்பா குடியால் போனவர், அவளுக்கு வாசனை பிடிக்கத் தனியாக யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் என்னை நிறுத்தினாள். "இனிக் குடிக்க மாட்டன் எண்டு சொல்லுங்கோ. எனக்கில்லை, அவருக்குச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிற ஜோர்ஜ் என்ற கிழவர் ஒருவர் இருந்தார். வீட்டிலேயே பேல் ஏல் காய்ச்சுகிறவர். பேல் ஏல் என்பது ஒரு வகைப் பியர். கறுப்பும் இல்லை, கடைப் பியரின் வெளிறிய மஞ்சளும் இல்லை, வெறும் தேத்தண்ணீர் நிறம். கசப்புக் கொஞ்சம் கூட. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவர் ஒரு காலுறைக்குள் இருந்து கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினார். நீரமானி. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அதே இனம். அதன் பெயரைச் சொன்னேன். திரவம் வளைந்து நிற்கும் இடத்தில் எப்படி எண்ணை வாசிப்பது, சூடாக இருந்தால் எவ்வளவு கூட்டிக்கொள்வது என்று சொன்னேன். கிழவர் தன் சான்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்தக் கட்டடத்தில் ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு நான் பதில் சொல்லியிருந்தேன். அடுத்த கிழமை அவர் தன்னுடைய பழைய வாளி, மூடி அடிக்கும் கருவி, வெறும் போத்தல்கள் எல்லாவற்றையும் தன் வான் வண்டியில் கொண்டுவந்து தந்தார். குடிக்கிற ஆசையில்தான் வாங்கினேன் என்று அம்மா நினைப்பாள். நினைக்கட்டும், அவளுக்கு அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கண்ணாடிக் குழாயும் அதிலிருந்த எண்களும்தான். குடிக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன், காய்ச்ச மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று பிள்ளையாரோடு மனதுக்குள் வழக்காடினேன். அவர் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா ஓவர்டைமுக்குப் போனாள், நீ தமிழ் வகுப்புக்குப் போனாய். எல்லாவற்றையும் பிளீச் போட்டுக் கழுவினேன். முளைத்த பார்லியில் எடுத்த, சீனிப்பாணி போலக் கறுத்துத் தடித்த மோல்ற்றைப் பெரிய பானையில் கரைத்துக் கொதிக்கவைத்தேன். ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவை அரைத்துச் சின்னச் சின்ன உருண்டையாக்கி வைத்திருப்பார்கள், பார்த்தால் பச்சை நிற ஆட்டுப் புழுக்கை. அதைப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டு, பானையைக் குளியல் தொட்டித் தண்ணீரில் இறக்கி ஆறவைத்து, வாளியில் ஊற்றி, நொதிக்கவைக்கிற ஈஸ்ற் தூவி, அதை ஃபேர்னஸ் அறைக்குள் வைத்தேன். உனக்கு அந்த அறை நினைவிருக்கும். அம்மாவின் சாமிப் படங்கள் மாட்டியிருந்த சுவருக்கு மறுபக்கம். அதற்கு ஒரு சின்னப் பூட்டும் வாங்கிப் போட்டேன். உள்ளே நெருப்பு எரிகிறது, பிள்ளை போகக் கூடாது என்று மேல்வீட்டுக்காரர் சொன்னதாக அம்மாவிடம் சொன்னேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நீ மத்தியானம் வந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா, வேப்பம்பூ வடகம் பொரிச்சனீங்களோ?" என்று கேட்டாய். முதுகு நோவுக்குக் கசாயம் காய்ச்சினேன் என்றேன். அம்மாவுக்கும் அதே கசாயம்தான். அவள் பாவம், அன்றிரவு என் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

இரண்டாம் நாள் வாளி நொதிக்கத் தொடங்கியது. மூடியில் உள்ள சின்னக் குழாய் வழியாக வாயு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு புளுக், புளுக் என்று வெளியே வரும். நீ படித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாய்.

"அப்பா, ஃபேர்னஸ் அறைக்குள்ள ஆரோ கதைக்கினம்."

"ஆர் கதைக்கிறது? சும்மா இரு பிள்ளை."

"இல்லையப்பா, கேளுங்கோ. புளுக் புளுக் எண்டு, நிண்டு நிண்டு..."

"அது ஃபேர்னஸ். இந்த நாட்டில வீடெல்லாம் உப்பிடித்தான் சத்தம் போடும்."

நீ சுவரில் காதை வைத்துக் கேட்டாய். பிறகு என்னைப் பார்த்தாய். உனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் அப்பா சொன்னதற்காகத் திரும்பப் போய்ப் புத்தகத்தை எடுத்தாய். இதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இதைச் சின்னப் பொய் என்று நினைத்தேன்.

நீரமானி எண் ஆயிரத்து நாற்பத்தாறில் தொடங்கியது. உள்ளே இருக்கும் சீனி நொதிக்க நொதிக்க அது ஆயிரத்துப் பன்னிரண்டு அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கி, மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் போத்தலில் அடைக்கலாம், எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது அடைத்தால் உள்ளே வாயு கூடிப் போத்தல் தாங்காது என்று ஜோர்ஜ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கு அதைச் சொல்லவே தேவையில்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கும். என் எண் ஆயிரத்து இருபத்திரண்டுக்கு வந்திருந்தபோது அடுத்த நாள் கந்தசஷ்டி தொடங்க இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு வந்து சேர்ந்ததற்காக அம்மா ஆறு நாளும் விரதம் என்று சொல்லிவிட்டாள். இந்தப் பக்கம் அவள் விளக்கு வைத்துப் பாடிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் ஒரு வாளி சாராயம் புளுக்கிட்டுக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டைவிட்டு அதை அகற்றிவிட வேண்டும். வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது, போத்தலில் அடைத்துவிட்டால் ஜோர்ஜ் சனிக்கிழமை வானில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். அதனால் விரதத்துக்கு முதல் நாள், நொதித்து முடியாத பியரை ஐம்பத்தாறு போத்தலில் ஊற்றி, நுரை வருவதற்காகச் செய்முறையில் சொன்ன சீனியையும் விட்டுவைக்காமல் போட்டு, மூடியை அடித்து, ஃபேர்னஸுக்குப் பின்னால் அடுக்கிப் பழைய போர்வையால் மூடினேன். முருகனுக்குப் பயந்து செய்த வேலை அது. அதற்குப் பிறகு குளிர் வந்துவிட்டது. மேல்வீட்டுக்காரர் ஹீற்றரைக் கூட்டிவிட்டார். ஃபேர்னஸ் பகல் முழுக்க எரிந்தது.

விரதத்தின் நாலாம் நாள். அம்மா பின்னேர ஷிப்ற்றுக்குப் போயிருந்தாள். மேல்வீட்டில் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் வேலையில். நீ மூன்றரைக்குப் பள்ளிக்கூடத்தால் வந்து, நான் நாலு மணிக்கு வரும் வரைக்கும் தனியாக இருப்பாய். நான் கதவைத் திறந்ததும் புளித்த மணம் முகத்தில் அடித்தது. குளியலறைக்குள் இருந்து நீ கத்தினாய்.

"அப்பா, உள்ளுக்கு வராதேங்கோ! கீழ படுங்கோ! ஷெல் அடிக்கிறாங்கள்!"

எட்டிப் பார்த்தேன். குளியல் தொட்டிக்குள் போர்வையை மூடிக்கொண்டு, புத்தகப் பையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தாய். பன்னிரண்டு வயது. "ஏழு விழுந்திட்டுது அப்பா, இன்னும் வருமோ தெரியாது" என்றாய். ஊரில் சண்டைக் காலத்தில் ஷெல் விழும்போது எண்ணச் சொல்லித் தந்தது அம்மா, எண்ணிக்கொண்டிருந்தால் பயம் குறையும் என்று. நான் மணத்தை வைத்தே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டுவிட்டேன். அந்த இடத்தில் ஒரு வசனம் போதும். இது ஷெல் இல்லை பிள்ளை, அப்பாவின் போத்தல். அவ்வளவுதான். நான் சொன்னது, "அப்பிடியே இரு, வாறன்." சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தினேன். முன்னறை ரீவியைச் சத்தமாகப் போட்டேன். ஃபேர்னஸ் அறையைத் திறந்தேன்.

முதலில் உன்னிடம் வரவில்லை, மகள். முதலில் நிலத்தைத் துடைத்தேன். இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது இதுதான், இதை மூன்று முறை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். கண்ணாடித் துண்டு கூரைப் பலகையில் ஏறி நின்றது. வெடிக்காமல் இருந்த போத்தல்களை ஈரத் துவாயால் சுற்றி ஒவ்வொன்றாகத் திறந்து நிலத்து வடிகாலில் ஊற்றினேன். பிளீச் அடித்தேன். பைகளைக் கட்டிக் காரின் டிக்கியில் வைத்தேன். நாற்பது நிமிஷம் போயிருக்கும். நடுவில் நீ இரண்டு தரம் "அப்பா? அப்பா?" என்று கூப்பிட்டாய். "வாறன், வாறன்" என்றேன். பிறகுதான் வந்து உன்னைத் தூக்கினேன்.

"ஒண்டுமில்லையே பிள்ளை. நான் எல்லா இடமும் பாத்திட்டன். உனக்குக் கேட்ட மாதிரி இருந்திருக்கும்."

"இல்லையப்பா, நான் எண்ணினனான்."

"கனவு கண்டிருப்பாய்."

"நான் நித்திரையே கொள்ளேல்லை. புளிச்ச மணமும் மணக்குது."

"அது கிளீன் பண்ணுற மருந்து."

நீ என் காற்சட்டையின் நனைந்த கரையைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு கிழமைக்குள் பள்ளிக்கூடத்தால் கூப்பிட்டார்கள். வகுப்பில் யாரோ புத்தகத்தைக் கீழே போட, நீ மேசைக்குக் கீழே போய் வெளியே வர மறுத்தாயாம். ஆலோசனை சொல்கிற ஒரு பெண்மணி எங்களோடு கதைத்தார். உனக்கு அப்போது ஆங்கிலம் போதாது, அம்மாவுக்குச் சுத்தமாக இல்லை. மொழிபெயர்த்தது நான். எத்தனை சத்தம் கேட்டது என்று அவர் கேட்டார். ஏழு என்றாய். ஏழு என்று சொல்கிறாள், அங்கே இருந்த காலத்துப் பழக்கம், எதையும் எண்ணுவாள் என்று என் பாட்டில் சேர்த்துச் சொன்னேன். வேறு ஏதும் கேட்டதா என்றார். நீ அந்தப் புளுக் புளுக்கைக் கையாலும் வாயாலும் செய்து காட்டி, சுவருக்குள் யாரோ கதைக்கிற மாதிரி என்றாய். சுவருக்குள் ஆட்கள் கதைப்பது இவளுக்குக் கேட்கிறது என்று மொழிபெயர்த்தேன். புளுக் புளுக்கை விட்டுவிட்டேன். அதைச் சொன்னால் அந்தப் பெண்மணிக்கு ஏதும் விளங்கிவிடும் என்று பயந்தேன். அவர் எழுதிக்கொண்டார். அந்தக் கடதாசி டொக்ரரிடம் போயிற்று. அவர் கையில் கிடைத்தது, இல்லாத குரல் கேட்கிற ஒரு பிள்ளை. அவர் வேறு என்ன செய்வார்? குளிசை எழுதித் தந்தார். அங்கேயும் மொழிபெயர்த்தது நான்தான்.

அந்த வின்ரர் நீ பகலிலும் தூங்கினாய். முகம் ஊதிப் போயிற்று. வகுப்பில் பின்தங்கினாய். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மா வேலையை விட்டாள். றிச்மண்ட் ஹில்லில் உனக்கு நூல் கட்டும்போது, "நான் என்ன குறை வைச்சனான் முருகா, விரதமும் பிடிச்சனான்தானே" என்று அவள் அழுதாள். நான் பக்கத்தில் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் உனக்காக அவள் பட்டினி கிடக்கிறாள். இல்லாத ஒரு வருத்தத்துக்கு ஒன்பது வருடப் பட்டினி. ஜோர்ஜிடம் போத்தல் வெடித்ததைச் சொன்னபோது கிழவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, யாருக்கும் காயமில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். வாளியைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அது பிள்ளையாரின் அருள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் கிழமை அம்மாவுக்குப் பயம். குளிசை தொடங்கிய பிறகு அரசாங்கத்துக்குப் பயம். எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பிள்ளையைத் தனியே விட்டு, பக்கத்தில் போத்தல் வெடிக்க வைத்தவன் என்று எழுதினால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். வழக்கு முடிந்து பேப்பர் கிடைத்த பிறகு அந்தச் சாட்டும் போய்விட்டது. நீ தேறிவிட்டாய், இனி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ தேறவில்லை. வீட்டில் ரெலிபோன் அடித்தால் நீ எழும்ப மாட்டாய், வேறு யாராவது தலையைத் திருப்புகிறார்களா என்று முதலில் பார்ப்பாய். "ஃபோன் அடிக்குதோ அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பாய். கம்பஸ் விடுதியில் ஒருநாள் நெருப்பு அலாரம் அடித்தபோது, பக்கத்து அறைப் பிள்ளை வந்து இழுக்கும் வரைக்கும் கட்டிலில் இருந்ததைச் சிரித்துக்கொண்டு சொன்னாய். "எனக்கு மட்டும்தான் கேக்குது எண்டு நினைச்சன்" என்றாய். நானும் சிரித்தேன். பிறகு கராஜுக்குப் போய்க் காருக்குள் கனநேரம் இருந்தேன். உண்மையான நெருப்பாக இருந்திருந்தால் என் பிள்ளை எரிந்திருப்பாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. என்னை எனக்கே பிடிக்கவில்லை, மகள்.

கலியாணம் கட்டப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். பியரையும் குடும்ப வாழ்க்கையையும் ஒப்பிட்டு ஏதாவது அழகாக எழுதலாம், வருகிறது, ஆனால் எழுத மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை. இரண்டே இரண்டு விஷயம் மட்டும் என் பிழையிலிருந்து எடுத்துக்கொள். "உனக்குச் சும்மா தோணுது" என்று யாராவது சொன்னால், அது அரவிந்தனாகவே இருந்தாலும், உடனே தலையாட்டாதே. பூட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே போய்ப் பார். மற்றது, நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது பயந்து கூப்பிடும்போது உன் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு முதலில் பிள்ளையிடம் போ. நிலத்தைப் பிறகு துடைக்கலாம்.

வியாழக்கிழமைக்கு நான் லீவு எடுத்துவிட்டேன். நீ விரும்பினால் உன்னோடு டொக்ரரிடம் வருகிறேன், விரும்பாவிட்டால் வெளியே காரில் இருக்கிறேன், அவர் கூப்பிட்டால் வருவேன். அன்று மாற்றிச் சொன்னதையெல்லாம் என் வாயாலேயே ஆங்கிலத்தில் திருத்திச் சொல்வேன். புளுக் புளுக்கையும் சேர்த்துத்தான். அரவிந்தனின் தாயிடம் நாளைக்கு நானே போகிறேன். பெண்ணில் ஒரு குறையும் இல்லை, குறை தகப்பனில் என்று சொல்வேன். இப்படிப்பட்ட தகப்பன் உள்ள வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று அவர் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. மணவறையில் உன் கையைப் பிடித்துக் கொடுக்க நான் வேண்டாம் என்று நீ சொன்னாலும் சரி. மாமா இருக்கிறார், நான் பின் வரிசையில் இருந்துகொள்கிறேன். அம்மாவுக்கு என்ன சொல்வது என்றுதான் விளங்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமை அவளைச் சாப்பிடச் சொல்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று ஃபேர்னஸ் அறையில் கண்ணாடியைக் கூட்டும்போது, பழைய ஆய்வுகூடப் பழக்கத்தில், உடைந்த போத்தல்களின் கழுத்துகளை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்தேன். மூடி கழலாமல் அப்படியே இருந்தன. பையில் போடுவதற்கு முன் நிலத்தில் வரிசையாக வைத்து எண்ணினேன். நீ தொட்டிக்குள் இருந்து அப்பா, அப்பா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

ஏழு, மகள். நீ சரியாகத்தான் எண்ணினாய்.

அப்பா